நுவரெலியாப் பக்கம் பளிங்கு மேல தூள் ஒட்டவே மாட்டேங்குது, ஏன்?

கந்தப்பொல_மூடுபனி:

வணக்கம். இரும்பு சேர்த்த இலிதியம் நயோபேற்றுப் பளிங்கு (கிறிஸ்டல்) மேல லேசர் ஒளி விழுத்தி, அதனால உண்டாகிற மின்புலத்தை வச்சுத் தூளையும் நீர்த்துளியையும் பிடிக்கிற சோதனை. கண்டியில ஏ.சி. அறையில நடந்தது. இங்க கந்தப்பொலையில நடக்கல. கையில இருக்கிறதை எல்லாம் எழுதிடுறேன்.

பளிங்கு 10 × 10 × 1 மில்லிமீற்றர், எக்ஸ் வெட்டு, இளம் பழுப்பு நிறம். இரும்பு 0.05 மோல் சதவீதம்னு பெட்டியில இருக்கு. லேசர் 450 நனோமீற்றர், 40 மில்லிவாற்று, 6 மில்லிமீற்றர் வட்டமா விரிச்சிருக்கு. பளிங்கைத் தாண்டி வர்றது 18 மில்லிவாற்று. கண்டியில வெறும் வட்டப் புள்ளிதான் விழுத்தினது. 40, 50 செக்கன்ல டோனர் தூள் (போட்டோகொப்பி மெஷின் மைத்தூள்) ஒட்டிச்சு. இங்க ஓவர்ஹெட் தாள்ல 0.3 மில்லிமீற்றர் கறுப்புக் கோடும் அதே அகல இடைவெளியுமா அடிச்சு, பளிங்குக்கு மேல வச்சு ஒளி விட்டேன். 5 நிமிடம் விட்டும் ஒண்ணும் இல்ல. அறையில ஈரப்பதன் 85 சதவீதம், வெப்பநிலை 16 பாகை.

புரியாத இன்னொண்ணு: ஒரு நாள் பளிங்கை அடுப்படிப் பக்கம் இருந்து எடுத்து வந்து வச்சேன். லேசர் போடவே இல்ல. எதிரெதிரா உள்ள இரண்டு விளிம்புல மட்டும் தூள் கொத்தா ஒட்டிக்கிச்சு. மற்ற இரண்டு விளிம்பும் சுத்தம்.

நீர்த்துளியைத் தேங்காய் எண்ணெய்க்குள்ள விட்டும் பார்த்தேன். அசையல. எங்க பிழை?

---

பளிங்குமுனை:

தங்கச்சி, அந்த 18 மில்லிவாற்றை அளந்து வச்சது நல்லது. அதை வச்சே பாதிக் கேள்விக்குப் பதில் வரும்.

இந்தப் பளிங்கின் ஒளிமுறிவுக் குணகம் ஏறத்தாழ 2.25. அதனால ஒவ்வொரு முகத்திலயும் 15 சதவீதம் தெறிச்சுப் போகுது. இரண்டு முகமும் சேர்த்து மிஞ்சுறது 74 சதவீதம். உங்களுக்கு வெளியே வந்தது 45 சதவீதம். 0.45 ஐ 0.74 ஆல பிரிச்சா 0.61. அப்போ 1 மில்லிமீற்றருக்குள்ள உறிஞ்சல் 0.5, அதாவது சென்ரிமீற்றருக்கு 5. நல்ல பளிங்குதான். ஒளியை உறிஞ்சுறது ஈரேற்ற இரும்பு அயன், அதன் பட்டையின் உச்சி 480 நனோமீற்றர் அருகே. 450 உம் பொருந்தும், பச்சை 532 உம் பொருந்தும். சிவப்பு லேசர்ல கிட்டத்தட்ட ஒண்ணும் நடக்காது.

நிறமே இல்லாத இலிதியம் நயோபேற்று கையில உள்ளவங்க இந்தச் சோதனையில இறங்க வேணாம். மக்னீசியம் சேர்த்தது இன்னும் மோசம், அது இந்த விளைவை அடக்குறதுக்கே செய்தது. ரேடியோ அலை வடிகட்டிச் சில்லு செய்யிற கறுப்புத் தகடும் சரிவராது. அதன் கடத்துதிறனை வேணுமின்னே கூட்டி வச்சிருப்பாங்க.

உள்ள நடக்கிறது இது: ஒளி ஈரேற்ற இரும்பில இருந்து ஓர் இலத்திரனைத் தட்டி விடுது. பளிங்குக்கு சி அச்சுன்னு ஒரு முனைவுத் திசை இருக்கிறதால, இலத்திரன் எல்லாப் பக்கமும் சமமா ஓடாது. அந்த அச்சு வழியா ஒரு பக்கத்துக்கு அதிகமா தள்ளுப்பட்டு, வேறோர் இடத்தில மூவேற்ற இரும்பில மாட்டிக்கும். வெளியில பெற்றரி எதுவும் இல்ல. கிளாஸும் கூட்டாளிகளும் 1974 இல பெல் ஆய்வுகூடத்தில இருந்து இதை எழுதினாங்க. மின்னோட்ட அடர்த்தியை மூன்று எண்ணைப் பெருக்கி எடுக்கலாம்: பளிங்கின் மாறிலி (வாற்றுக்கு ஏறத்தாழ 2.5 × 10⁻⁹ அம்பியர் சென்ரிமீற்றர்), உறிஞ்சல், ஒளிச்செறிவு.

உங்க கணக்கு: 40 மில்லிவாற்றை 0.28 சதுர சென்ரிமீற்றரால பிரிச்சா 141. தெறிப்புப் போக உள்ள போறது 120 மில்லிவாற்று. மின்னோட்டம் சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 நனோஅம்பியர், அதாவது செக்கனுக்கு 1.5 நனோகூலோம் சேருது. சென்ரிமீற்றருக்கு 10 கிலோவோல்ற்று புலம் வர 27 நனோகூலோம் வேணும் (சி அச்சு வழி சார் அனுமதித்திறன் 30 னு எடுத்தா). 18 செக்கன். கண்டியில 40, 50 செக்கன்ல ஒட்டினது இதோட ஒத்துப்போகுது. லேசர்ல பிழை இல்ல.

பிழை நம்பர் ஒண்ணு கோட்டுத் திசை. மின்னேற்றம் சி அச்சு வழியாத்தான் நகரும். உங்களது எக்ஸ் வெட்டு, அச்சு தகட்டின் தளத்திலயே படுத்துக் கிடக்கு. கோடுகள் அச்சுக்குக் குறுக்கா இருந்தா ஒவ்வொரு கோட்டின் இரண்டு ஓரத்திலயும் எதிர் ஏற்றம் சேரும். கோடுகள் அச்சுக்குச் சமாந்தரமா இருந்தா ஏற்றம் கோட்டின் இரண்டு நுனிக்கும் போயிடும், நடுவில ஒண்ணும் மிஞ்சாது. கண்டியில வட்டப் புள்ளி போட்டதால திசை ஒரு பிரச்சினையா வரல. டோனர் ஏற்றம் உள்ள தூள்ங்கிறதால அங்க முழு வட்டமா ஒட்டியிருக்காது, ஒரு பக்கத்தில மட்டும் பிறை மாதிரி ஒட்டியிருக்கணும். படம் இருந்தா பாருங்க.

அச்சு எந்தப் பக்கம்னு கேக்க வேண்டாம், அடுப்படிப் பளிங்கு ஏற்கெனவே காட்டிடுச்சு. இந்தப் பளிங்கு சூடு மாறினாலும் மின்னேற்றம் கக்கும். ஒரு பாகைக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 4 முதல் 8 நனோகூலோம், அதுவும் அச்சு வந்து முட்டுற இரண்டு முகத்தில மட்டும். 5 பாகை ஆறினா 20 முதல் 40. உங்க லேசர் 18 செக்கன் செய்யிற வேலை அது. தூள் ஒட்டின அந்த இரண்டு விளிம்பும்தான் சி முகங்கள். பென்சிலால அடையாளம் போடுங்க. கோடுகள் அந்த விளிம்புகளுக்குச் சமாந்தரமா வரணும். 90 பாகை திருப்பிப் போடுங்க.

தெறிக்கிற 15 சதவீதம்னா 6 மில்லிவாற்று. நீல நிறம், நேராக் கண்ணுக்குள்ள போகும். பளிங்கைச் சாய்ச்சு வச்சு, தெறிப்பு விழுற இடத்தில கறுப்பு அட்டை வைங்க. 450 க்கு உரிய கண்ணாடி இல்லாம குனிஞ்சு பார்க்காதீங்க.

---

ஈரமானி:

மேல சொன்ன திசைப் பிழை சரி. ஆனா திசையைத் திருப்பினாலும் 85 சதவீத ஈரப்பதன்ல ஒட்டாது.

ஒளி எழுதுற ஏற்றம் பளிங்குக்குள்ள பத்திரமா இருக்கும். தூளுக்குத் தெரியிறது மேற்பரப்புக்கு வெளியே வர்ற புலம் மட்டும். மேற்பரப்பில கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிஞ்சா, அதில உள்ள அயன்கள் ஓடி வந்து புலத்தை மூடிடும். எவ்வளவு வேகமா மூடும்னு பார்க்க ஒரு பருமட்டான கணக்கு: 0.3 மில்லிமீற்றர் கோட்டுக்கு, படலத்தின் தடை சதுரத்துக்கு 10¹⁴ ஓம்னா 10 செக்கன். 10¹² ஓம்னா பத்தில் ஒரு செக்கன். நீங்க எழுத எடுக்கிறது 18 செக்கன். எழுதுறதை விட வேகமா அழியுது, 5 நிமிடம் இல்ல, 5 மணித்தியாலம் விட்டாலும் அதே கதை. அழியிற நேரம் குறைஞ்சது 100 செக்கனா இருக்கணும்னா 10¹⁵ ஓம் வேணும். கோட்டைச் சின்னதாக்கினா இன்னும் சீக்கிரம் அழியும், 0.1 மில்லிமீற்றர்ல மூன்று மடங்கு வேகம். இப்போதைக்கு 0.3 க்குக் கீழ போக வேணாம்.

விரல் ரேகை பட்ட இடத்தில உப்பு இருக்கும். ஈரப்பதன் 50 லயும் அந்த இடம் கடத்தும். மூச்சுக்காற்று பட்டாலும் போச்சு. நுணுக்குக்காட்டியில குனிஞ்சு பார்க்கிறப்போ முகமூடி போட்டுக்கங்க.

பெட்டி செய்யிற விதம். கிளிப் போட்டு இறுக்கிற 2 லீற்றர் சாப்பாட்டுப் பெட்டி. மூடியில 20 மில்லிமீற்றர் துளை, அதன் மேல நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடு, சுத்திவர சிலிக்கன் பசை. பசை காய்றப்போ வர்ற ஆவி பளிங்குல படியும், அதனால 24 மணித்தியாலம் திறந்து வச்சுட்டுத்தான் பளிங்கை உள்ள வைக்கணும். அடியில 100 கிராம் சிலிக்கா ஜெல். நிறம் மாறுற வகை வாங்குங்க. நிறம் மாறிட்டா 110, 120 பாகையில இரண்டு மணித்தியாலம் வச்சு மீட்கலாம். உள்ள ஒரு சின்ன ஈரப்பதன்மானி. மலிவு மானிகள் 5, 10 சதவீதம் பொய் சொல்லும். நனைஞ்ச சாப்பாட்டு உப்பு ஒரு தேக்கரண்டியை (கரைஞ்சு போகக் கூடாது, சேறு மாதிரி இருக்கணும்) மானியோட இன்னொரு பெட்டியில 8 மணித்தியாலம் மூடி வச்சா சரியா 75 காட்டணும். காட்டலன்னா வித்தியாசத்தைக் குறிச்சு வச்சுக் கழிச்சுக்கங்க. சிலிக்கா ஜெல் கிடைக்கலன்னா மக்னீசியம் குளோரைட்டுச் சேறு 33 சதவீதத்தில நிறுத்தும். 40 க்குக் கீழ இறங்கினாப் போதும்.

ஒழுங்குமுறைதான் முக்கியம். நிறையப் பேர் இதில விழுறாங்க:

பளிங்கை ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைச்ச பஞ்சால ஒரே திசையில துடைங்க. பிறகு அலுமினியத் தாள்ல சுத்துங்க, தாள் இரண்டு சி விளிம்பையும் தொட்டு இருக்கணும். சுத்தினபடியே பெட்டிக்குள்ள வைங்க. மூன்று மணித்தியாலம். வெப்பநிலையும் ஈரப்பதனும் அடங்கின பிறகுதான் தாளை உரிக்கணும், அதுவும் கையுறையோட, சட்டுனு இழுக்காம. முதல்ல உலர்த்திட்டுப் பிறகு அறை மாத்தினா, உலர்ந்த காற்றில சூட்டு மின்னேற்றம் போக வழி இல்லாம மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கும். தாளைக் கழற்றினதும் முதல் வேலையா ஒளி இல்லாம தூள் தூவிப் பாருங்க. எங்கயும் ஒட்டலன்னாத்தான் லேசர். ஒட்டினா மறுபடி சுத்தி வைங்க.

---

கந்தப்பொல_மூடுபனி:

நன்றி அண்ணா. மின்குமிழ் ஒண்ணைப் பெட்டிக்குள்ள எரிய விட்டாப் போதாதா? வீட்டில கெமராவை அப்படித்தான் பூஞ்சணம் பிடிக்காம வைக்கிறாங்க.

---

ஈரமானி:

கெமராவுக்குச் சரி, இதுக்குச் சரிவராது. மின்குமிழ் போட்டு அணைக்கிற ஒவ்வொரு தடவையும் பளிங்கு பல பாகை ஏறி இறங்கும், ஒவ்வொரு பாகைக்கும் ஏற்றம். அதோட இழைக் குமிழின் வெள்ளை ஒளியில நீலமும் பச்சையும் இருக்கு, நீங்க எழுதுற படத்தை அதுவும் எழுதும், அழிக்கும். குமிழ் வச்சே ஆகணும்னா பெட்டிக்கு வெளியே, கறுப்புத் தாள் மறைச்சு, இரவு முழுக்க அணைக்காம.

---

துளிவிரட்டி:

நீர்த்துளிப் பகுதிக்கு நான் வாறேன்.

தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில உறையும். உங்க அறை 16. கண்ணுக்குத் தெளிவாத் தெரியிறப்பவே உள்ள கொழுப்புப் பளிங்கு கட்ட ஆரம்பிச்சு துளி சிறைப்பட்டுடும். உறையலன்னாலும் அது நல்ல திரவம் இல்ல: ஈரத்தை இழுக்கும், கொழுப்பமிலம் இருக்கு, கடத்தும். பாமசியில விக்கிற திரவப் பரஃபின் வாங்குங்க. அதை விட மெல்லியது வேணும்னா தையல் மெஷினுக்கு விடுற நிறமில்லாத எண்ணெய், வாசனையோ வேறு கலப்போ இல்லாததாப் பாருங்க. எக்சேன், எப்தேன் எல்லாம் சிறந்தது, பிசுக்குமை குறைவு. ஆனா மூடின பெட்டிக்குள்ள அதன் ஆவியும் மின்பொறியும் சேரக் கூடாது. வீட்டில வேணாம்.

திரவப் பரஃபினையும் அப்படியே ஊத்தாதீங்க. 50 மில்லிலீற்றருக்கு 5 கிராம் மீட்ட சிலிக்கா ஜெல் போட்டு ஓர் இரவு வச்சு, தெளிவை மட்டும் எடுங்க. எண்ணெய்க்குள்ள வேலை செய்தா ஈரமான காற்றுப் பிரச்சினை பாதிக்கு மேல தீர்ந்திடும். மலைநாட்டில இந்தச் சோதனைக்கு எண்ணெய்தான் நேர்வழின்னு என் எண்ணம், பெட்டி இரண்டாம் பட்சம். ஈரமானி ஒத்துக்க மாட்டார்.

துளி செய்ய: 10 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 0.1 மில்லிலீற்றர் காய்ச்சி வடிச்ச நீர், மூடி 20 தடவை குலுக்குங்க. 50 முதல் 200 மைக்ரோமீற்றர் வரைக்கும் கலந்து கிடைக்கும். துளிகள் சேராம இருக்கச் சவர்க்காரமோ வேறு பரப்பு முகவரோ சேர்க்கச் சொல்லி எங்கயாவது வாசிப்பீங்க. சேர்க்காதீங்க. அது எண்ணெய்க்குள்ள ஏற்றம் தூக்குற சிறு திரள்களை உண்டாக்கி, புலத்தை மூடிடும்.

விசைக் கணக்கு: நடுநிலையான துளியை இழுக்கிற விசை ஆரையின் மூன்றாம் அடுக்கோடயும், புலத்தின் வர்க்கம் இடத்துக்கு இடம் மாறுற வேகத்தோடயும் போகும். 50 மைக்ரோமீற்றர் ஆரை நீர்த்துளி, சென்ரிமீற்றருக்கு 10 கிலோவோல்ற்று, 100 மைக்ரோமீற்றர் தூரத்தில புலம் தேயுதுன்னா, 1.4 × 10⁻⁷ நியூற்றன் வரும். நீரின் 100 மடங்கு பிசுக்குமை உள்ள பரஃபின்ல அது செக்கனுக்கு 1.5 மில்லிமீற்றர் வேகம். உண்மையில புலம் ஐந்தில் ஒண்ணாக் கிடைச்சா வேகம் இருபத்தைந்தில் ஒண்ணு, 60 மைக்ரோமீற்றர். அதையும் கண்ணால பார்க்கலாம். ஆரை பத்தில் ஒண்ணான துளியில விசை ஆயிரத்தில் ஒண்ணு, இழுவை பத்தில் ஒண்ணு, ஆக வேகம் நூறில் ஒண்ணு. அதனால பெரிய துளியில தொடங்குங்க.

இதில குழப்புறது இன்னொண்ணு. நீர் எண்ணெயை விடப் பாரம், துளி கீழ இறங்கிப் பளிங்கைத் தொடும். வெறும் பளிங்கு நீரை விரும்பும் மேற்பரப்பு. துளி பரவி ஒட்டிக்கும், அல்லது தொட்ட நொடியில ஏற்றம் வாங்கி எதிர்ப்பக்கம் பாயும். பலர் "இழுத்துட்டு ஏன் தள்ளுது"ன்னு கேக்கிறது இதுதான். நடுவில ஒரு படலம் வேணும். நுணுக்குக்காட்டி மூடித்தகட்டை வச்சா வேலை கெட்டுடும்: அது 150 மைக்ரோமீற்றர் தடிப்பு, உங்க கோட்டின் ஆவர்த்தனம் 600 மைக்ரோமீற்றர், மேல வர்றப்போ புலத்தில 21 சதவீதம்தான் மிஞ்சும். சாப்பாடு சுத்துற மெல்லிய பொலித்தீன் 10 மைக்ரோமீற்றர் அளவு, 90 சதவீதம் மிஞ்சும். பளிங்கு மேல ஒரு சொட்டுப் பரஃபின் விட்டு, அதன் மேல பொலித்தீனைச் சுருக்கமில்லாம இழுத்துப் படுக்க வைங்க, காற்றுக் குமிழ் நிக்கக் கூடாது. சுருளில இருந்து உரிச்ச உடனே பொலித்தீன்லயே உராய்வு ஏற்றம் இருக்கும். அல்ககோல்ல அலசி, 10 நிமிடம் விட்டுப் போடுங்க.

தூளுக்கும் ஒரு வார்த்தை. காரீயத் தூள் (பென்சில் காரீயம், கிராஃபைட்) நடுநிலை, கோட்டின் இரண்டு ஓரத்துக்கும் போகும். டோனர் ஏற்கெனவே ஏற்றம் உள்ளது, ஒரு ஓரத்துக்கு மட்டும் போகும். இரண்டையும் தனித்தனியாப் போட்டுப் பாருங்க. டோனர் ஒட்டி, காரீயம் ஒட்டலன்னா புலம் இருக்கு, போதிய அளவு இல்ல.

---

ஃபைபர்_உருளை:

பிள்ளை, காரீயத் தூள் நடுநிலையா இருந்தும் ஏன் இழுபடுதுன்னு விளங்கணும்னா பக்கத்துத் தேயிலை பேக்டரியில ஃபைபர் மெஷினைப் போய்ப் பாருங்க. பி.வி.சி. உருளை கம்பளித் துணியில உரசி ஏற்றம் எடுக்கும், கீழ ஓடுற தூள்ல இருந்து காம்பையும் நாரையும் மட்டும் தூக்கிடும். காம்புக்குத் தனியா ஏற்றம் எதுவும் கிடையாது. இலையை விடக் காம்பில ஈரம் கொஞ்சம் கூட இருக்கிறதால உருளைக்குக் கிட்ட வந்ததும் அதுக்குள்ள இருக்கிற ஏற்றம் சட்டுனு பிரிஞ்சு இழுபடுது. உங்க பளிங்கு செய்யிறதும் அதே இழுப்புதான், உருளைக்குப் பதிலா ஒளிக்கோடு. உலர்த்தியில இருந்து வந்த உடனே ஓட்டுற தேயிலையில அது நல்லா வேலை செய்யும். தூள் ஈரம் வாங்கிட்டா இலையும் காம்பும் சேர்ந்தே ஒட்டும், உருளையின் ஏற்றமும் நிக்காது.

பள்ளிக்கூடத்தில காட்டணும்னா பளிங்கே வேண்டாம். 1938 ஒக்ரோபர் 22 இல செஸ்ரர் கார்ல்சன் நியூயோர்க் அஸ்ரோரியாவில செய்ததைச் செய்யலாம். போட்டோகொப்பி மெஷின் அதில இருந்து வந்தது. நாகத் தகடு, அதன் மேல கந்தகப் பூச்சு, கைக்குட்டையால உரசி ஏற்றம், எழுத்து எழுதின கண்ணாடி வழியா ஒளி, லைக்கோபோடியம் தூள். நமக்குத் தகரக் கூரைத் துண்டு போதும், உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சு எடுங்க. கந்தகம் கட்டியா வாங்கணும். தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சு அடிக்கிற கந்தகத்தில வேறு கலப்பு இருக்கு, ஏற்றம் நிக்காது. 120 பாகையில மஞ்சள் தண்ணி மாதிரி உருகும், அப்பவே தகட்டைச் சாய்ச்சு மெல்லிசா ஓட விடுங்க. 160 தாண்டினா சிவந்து பாகு மாதிரி இறுகிடும், இன்னும் ஏத்தினா தீப்பிடிக்கும். வெளியில வச்சு, புகை அடிக்கிற பக்கம் நிக்காம செய்யுங்க. ஒளி நீலமா இருக்கணும், கந்தகத்துக்கு மஞ்சள் வெளிச்சத்தால பயன் இல்ல. தகட்டை 40, 50 பாகையில இளஞ்சூடா வச்சே செய்யலாம், பளிங்கு மாதிரி சூட்டுக்கு ஏற்றம் கக்காது. மழை நாளில அதுதான் வசதி.

---

துளிவிரட்டி:

இன்னொரு வழியையும் சொல்லாம விட்டா குறை. நீருக்குள்ளயே உயிர்க்கலம், ஈஸ்ட் எல்லாம் நகர்த்தணும்னா இந்தப் பளிங்கு கஷ்டம், நீரின் அயன்கள் மூடிடும். அதுக்கு வெளியில இருந்து ஆடலோட்டம் கொடுக்கிற வகை வேணும். சியூ, ஓட்டா, வூ மூவரும் பெர்க்லியில 2005 இல செய்தது: கீழ கடத்துகண்ணாடி மேல ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் பளிங்குருவற்ற சிலிக்கன், மேல இன்னொரு கடத்துகண்ணாடி, நடுவில 100 மைக்ரோமீற்றர் நீர், 10 வோல்ற்று, 100 கிலோஹேர்ட்ஸ் அளவு. ஒளி பட்ட இடத்தில சிலிக்கன் கடத்தும், வோல்ற்றளவு அங்க மட்டும் நீருக்குள்ள இறங்கும். ஒளி எறிகருவியால ஒரே நேரத்தில 15,000 பொறி போட்டாங்க. மின்னேற்றத்தைச் சேமிச்சு வைக்க வேண்டியதில்ல, பிறப்பாக்கி தொடர்ந்து கொடுக்கும். அதனால மூடுபனி ஒரு பொருட்டே இல்ல.

நம்ம கையில இல்லாதது அந்த சிலிக்கன் படலம். சிலேன் வாயுவும் பிளாஸ்மா அறையும் வேணும். கடத்துகண்ணாடி பிரச்சினை இல்ல. ஹந்தானையில சாயச் சூரியக்கல ஆய்வு பல வருஷமா நடக்கிறதால கண்டிப் பக்கம் அது புதுசும் இல்ல. கல்குலேற்றர் சூரியக்கலத்தைப் பிரிச்சு எடுக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க. அதன் பின்பக்கம் முழுக்க உலோகம், உலோகம் எல்லா இடத்தையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டு வந்துடும், ஒளிக்கோடு இருந்தும் இல்லாத மாதிரி. உலோகத்தைக் கரைச்சாலும் மிஞ்சுறது இருவாயி (டயோட்), வெறும் படலம் இல்ல.

படலம் கிடைச்சவங்களுக்கு ஒரு கணக்கு: 1 மைக்ரோமீற்றர் சிலிக்கனும், மீற்றருக்கு 0.01 சீமன் கடத்துதிறன் உள்ள நீரும்னா, 100 கிலோஹேர்ட்ஸ்ல ஒளி படாத இடத்திலயும் கொள்ளளவம் வழியா பாதிக்கு மேல வோல்ற்றளவு நீருக்குப் போயிடும். 20 கிலோஹேர்ட்ஸ்க்கு இறக்கினா அது 13 சதவீதம் ஆகும். ரொம்ப இறக்கி சில கிலோஹேர்ட்ஸ்க்குப் போனா நீரே சுழல ஆரம்பிக்கும், இன்னும் கீழ போனா மின்பகுப்பு, குமிழ், படலம் உரியும். உப்புக்கரைசல்ல (மீற்றருக்கு 1 சீமனுக்கு மேல) ஒளி பட்ட சிலிக்கனை விட நீர் நல்லாக் கடத்தும், அப்போ எதுவும் நகராது. ஈஸ்ட்டைச் சீனிக் கரைசல்ல மூன்று தடவை கழுவி எடுக்கிறது அதுக்குத்தான்.

---

கந்தப்பொல_மூடுபனி:

கண்டிப் படத்தைப் பார்த்தேன், ஒரு பக்கப் பிறைதான். 90 பாகை திருப்பி, பெட்டிக்குள்ள 36 சதவீதத்தில 30 செக்கன் ஒளி. டோனர் கோடு கோடா ஒட்டிச்சு, ஒவ்வொரு கோட்டிலயும் ஒரே ஓரம். காரீயத்துக்கு 90 செக்கன் தேவைப்பட்டது, இரண்டு ஓரத்திலயும் வந்தது. பரஃபின்ல துளி மெதுவா வருது.

இப்போ புதுப் பிரச்சினை. முதல் படத்தை அழிக்க விரிஞ்ச லேசரைக் கோட்டுத் தாள் இல்லாம 10 நிமிடம் விட்டேன். டோனர் தூவினா பழைய கோடு திரும்ப வருது. ஆனா எதிர் ஓரத்தில.

---

பளிங்குமுனை:

அது மேற்பரப்பு ஏற்றம். நீங்க எழுதின நேரத்தில காற்றில இருந்தும் டோனர்ல இருந்தும் எதிர் ஏற்றம் வந்து மேல உட்கார்ந்திருக்கு. லேசர் உள்ள இருந்த ஏற்றத்தைக் கலைச்சுடுச்சு, மேல உள்ளதைத் தொடல. மூடி வச்சது மட்டும் மிஞ்சினதால படம் புரண்டு தெரியுது. எதிர் ஓரத்தில ஒட்டினா பழைய படம்னு வச்சுக்கங்க, புது அளவீட்டைக் குப்பையில போடுங்க.

முதல்ல அல்ககோல் பஞ்சால மேற்பரப்பைத் துடைச்சு, லேசா மூச்சு ஊதி, மறுபடி துடைங்க. இந்த ஒரு இடத்தில ஈரம் உதவும், உங்க ஊர்க் காற்றில 10 நிமிடம் திறந்து வச்சாலும் சரி. பிறகு டோனர் தூவிச் சோதியுங்க. இன்னும் தெரிஞ்சா உள்ளயும் மிச்சம் இருக்கு. அலுமினியத் தாள்ல இறுக்கிச் சுத்தி, 160 பாகைக்குச் சூடாக்கி ஒரு மணித்தியாலம் வைங்க. ஏத்துறதும் இறக்குறதும் நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேல போகக் கூடாது. வேகமா ஏத்தினா விளிம்பில பொறி பறக்கும், பளிங்கு வெடிச்சும் போகும். ஆறி அறை வெப்பநிலைக்கு வரும் வரைக்கும் தாளைக் கழற்றாதீங்க. அடுப்பங்கரை ஓவன் வேணாம், அதன் வெப்பநிலைக் குமிழ் 20, 30 பாகை ஆடும். மணல் நிரப்பின தகரப் பேணிக்குள்ள நடுவில புதைச்சு, வெப்பமானியை மணலுக்குள்ள குத்தி வச்சுச் செய்யுங்க, மணல் மெதுவா ஏறி மெதுவா இறங்கும்.